கொக்கிக்குக் காப்புக் கட்டிய கதை

ஒரு பொருளை வாங்குவதற்கு முன் அதைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றையும் படித்துப் பார்க்கிற ஆளை நம்பி வீட்டில் எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. அவன் கடைசியில் வாங்குவது நல்ல பொருளாகத்தான் இருக்கும். ஆனால் அவ்வளவு படித்த களைப்பில், வாங்கி முடித்ததும் மூளையைக் கழற்றி வைத்துவிடுவான். நான் அந்த இனம். இட்லி மாவு அரைக்கும் கிரைண்டர் ஒன்றை லண்டனிலிருந்து தருவிப்பதா, சென்னையிலிருந்து தருவிப்பதா என்று நான் ஒரு வருடம் யோசித்தேன். (அதற்குள் என் மனைவி வாணி இட்லியையே மறந்து ரொட்டிக்கு மாறிவிட்டாள்.)

இது இரண்டாயிரங்களின் நடுவில் ஒஸ்லோவில் நடந்தது. நான் ஈரோட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன். வாணி யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோருடன் நோர்வேக்கு வந்து, ரொம்சோஸ் அடுக்குமாடியில் வளர்ந்தவள். கல்யாணமாகி மூன்று வருடமாகியும் அந்த வீட்டில் எனக்கு ‘இந்தியாத் தம்பி’ என்றுதான் பெயர். மாமியாரை நான் எங்கள் ஊர் வழக்கப்படி ‘அத்தை’ என்று கூப்பிட்டால், அவர் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். அங்கே அவர் மாமி. நானும் மாமி என்றே பழகிக்கொண்டேன்.

மாமா ஒஸ்லோவில் பல வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. குழறத் தொடங்கியதும் அவர் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். பேசினால் நமக்குப் புரியும். ஆனால் அந்தக் குழறலை நாலு பேர் கேட்பதை அவர் விரும்பவில்லை. டெலிபோன் அடித்தால் கண்ணால் மாமியைக் காட்டுவார். மற்ற நேரம் சக்கர நாற்காலியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கீழே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த டிரைவர் வளைவில் அவசரப்படுகிறான் என்பது அவருடைய புருவம் ஏறுவதிலிருந்து எங்களுக்குத் தெரியும்.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. வடக்கே ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, துரொண்ட்ஹெய்ம் நகரில் மகனுடன் இருந்தார். ஊர் உலகத்துக்கே அவர் ராசக்கா. தாய் இறந்த பிறகு மாமாவைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அந்த ராசக்காவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. பார்வையின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்து, அது பெரிதாகிக்கொண்டே போனது. இனிக் கண்ணாடி மாற்றிப் பிரயோசனமில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஒருநாள் ராசக்கா டெலிபோனில் மாமியிடம் சொன்னார்:

“தம்பியின்ர முகத்தை ஒருக்காப் பார்த்திட்டன் எண்டால், பேந்து இருட்டினாலும் பரவாயில்லை. நான் வெளிக்கிட்டு வரட்டே?”

மாமி அதை மாமாவிடம் சொன்னார். மாமா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி, அபூர்வமாக வாய் திறந்தார்.

“அக்கா வரவேண்டாம். நான் போறன்.”

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் தாதிகள் வந்து அவரைத் துணிப் பட்டியில் மாட்டித் தூக்கிக் கட்டிலில் கிடத்துவதை, கழுவிவிடுவதை, அக்கா பார்க்கக் கூடாது. விமானத்திலோ ரயிலிலோ போனால், கழிவறைக்குப் போகிற கொடுமையை அந்நியர்கள் பார்ப்பார்கள். இரண்டும் ஆகாது. அக்கா வரவும் கூடாது, தம்பி போகவும் வழியில்லை. கண் மட்டும் யாருக்காகவும் காத்திருக்காமல் மங்கிக்கொண்டே போனது.

அப்போதுதான் வாணியின் தம்பி பிரதீபன் ஒரு செய்தியோடு வந்தான். அவன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழில் செய்தான். பெரிய பிக்கப் வாகனம் ஒன்று வைத்திருந்தான். ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு பண்ணையில், நோர்வேக்காரப் பெரியவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து தருவித்த கேரவன் வண்டியை விற்கிறாராம். உள்ளே கட்டில், குளியலறை, சமையலறை எல்லாம் உண்டு. சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு அகலமான கதவு. ஆனால் அது சாதாரண கேரவன் இல்லை, ‘ஃபிஃப்த் வீல்’ ரகம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாதாரணக் கேரவனை வண்டியின் பின்புறத்தில் ஒரு குண்டுக் கொக்கியில் மாட்டி இழுப்பார்கள். காற்றடித்தால் அது வாலை ஆட்டும். இந்த ரகம் அப்படியில்லை. கழுத்தை நீட்டி, பிக்கப்பின் திறந்த முதுகின் மேல் வைத்துக்கொண்டு வரும். கழுத்துக்கு அடியில் ஓர் இரும்பு முளை தொங்கும். பிக்கப்பின் முதுகில் பொருத்திய கொக்கி தன் தாடைகளால் அந்த முளையைக் கவ்விக்கொள்ளும். பாரம் பின்சக்கரத்துக்கு நேர் மேலே இறங்குவதால் ஆட்டமே இருக்காது. வண்டி ஆடினால் மாமாவுக்குத் தலை சுற்றி வாந்தி வரும் என்பதால், மலைப் பாதையில் துரொண்ட்ஹெய்ம் வரை போக இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பயணத்தின்போது மாமா பிக்கப்பின் முன் சீட்டில் இருப்பார். வழியில் நிறுத்தி நிறுத்தி கேரவனில் ஓய்வெடுக்கலாம். போய்ச் சேர்ந்ததும், சவரம் செய்து சட்டை போட்டு, கேரவனுக்குள் வீட்டுக்காரரைப் போல உட்கார்ந்துகொண்டு அக்காவை உள்ளே அழைக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதும் மாமாவின் புருவம் இரண்டும் மேலே போயின.

மாமிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

“நாலு சில்லு காணாதே? அஞ்சாவது என்னத்துக்கு?”

அது சக்கரமல்ல, பழைய காலத்தில் அந்த இணைப்பு வட்டமாக இருந்ததால் வந்த பெயர் என்று நான் விளக்கினேன். அந்த விளக்கம்தான் எனக்கு எமனானது. பிரதீபன் உடனே சொன்னான்:

“கேரவனை நான் பாக்கிறன். ஹெங்கர்ஃபெஸ்தெயை அத்தான் பாக்கட்டும். அவர்தான் எல்லாம் படிப்பார்.”

ஹெங்கர்ஃபெஸ்தெ என்றால் நோர்வே மொழியில் கொக்கிதான். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அது. ‘இந்தியாத் தம்பி’யை மருமகன் என்று கூப்பிட வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்தேன். அன்றிரவே படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

பிரதீபனின் நிபந்தனைகள் இரண்டு. வார நாட்களில் அவன் பிக்கப்பின் முதுகில் ஏணியும் பெயின்ட் டின்களும் ஏற்ற வேண்டும். ஆகவே கொக்கி கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும். கழற்றியதைக் கொண்டுபோய் எங்கள் நிலவறையில் வைக்க வேண்டும். ஆகவே ஒரே ஆள் தூக்கக் கூடிய எடையில் இருக்க வேண்டும். சாதாரண இரும்புக் கொக்கியைத் தூக்க இரண்டு ஆட்களும் ஒரு வைத்தியரும் தேவை. நான் தேடியது அலுமினியத்தில் செய்த, இரண்டு துண்டாகப் பிரிகிற, எடை குறைந்த ரகம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அமெரிக்காவில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் கொக்கிகளைப் பற்றி இணையத்தில் போட்ட சண்டைகளை ஒன்று விடாமல் படித்தேன். அலுமினியம் தாங்காது என்று ஒருவர் எழுதுவார். தாங்கும், உங்கள் மூளைதான் தாங்கவில்லை என்று இன்னொருவர் எழுதுவார். தாடை ஒன்றா இரண்டா, தலை முன்னும் பின்னும் மட்டும் அசைய வேண்டுமா, பக்கவாட்டிலும் அசைய வேண்டுமா என்பதில் எனக்கு உறுதியான கருத்துகள் உண்டாயின. ஆபீஸில் சாப்பாட்டு மேசையில் அவற்றை வெளியிடத் தொடங்கினேன். சக ஊழியர்கள் வேறு மேசைக்கு மாறிக்கொண்டார்கள்.

வாணி ஒருநாள் கேட்டாள்: “என்னைக் கட்டேக்க நீங்கள் இவ்வளவு விசாரிச்சனீங்களே?”

“உன்னைக் கழட்டி நிலவறையில வைக்க வேண்டிய அவசியம் இல்லையே,” என்றேன். (இதற்கான பலனை அடுத்த இரண்டு நாள் அனுபவித்தேன்.)

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அது வந்து சேர்ந்தபோது உண்மையிலேயே அழகாக இருந்தது. கால்கள் ஒரு துண்டு, தலை ஒரு துண்டு. தலைப்பாகம் ஓர் அரிசி மூட்டை கனம்தான். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதை வெளியே இழுத்தால் தாடை திறக்கும். கேரவனின் முளை உள்ளே வந்து முட்டியதும் கைப்பிடி தானாக உள்ளே போய்த் தாடை பூட்டிக்கொள்ளும். ஒரு பட்டறையில் பிக்கப்பின் அடிச்சட்டத்தில் இதற்கான பிடிகளைப் பொருத்தி, முறைப்படி அனுமதியும் வாங்கினோம். பிரதீபன் பண்ணைக்குப் போய், அதே கொக்கியில் மாட்டி, கேரவனை ரொம்சோஸ் வரை இழுத்து வந்தான். ஓர் ஆட்டம் இல்லை, ஒரு சத்தம் இல்லை.

கீழே பார்க்கிங்கில் அது வந்து நின்றதும் மாமா மேலே ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்து வலது கையைத் தூக்கினார். எனக்குக் கண் கலங்கியது. அடுத்த ஒரு வாரம் நான் அந்த வீட்டில் எஞ்சினியராக வாழ்ந்தேன். மாமி எனக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்தார். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

பயணம் சனிக்கிழமை என்று முடிவானது. புதன்கிழமை மாமி கேட்டார்: “தம்பி, வாகனத்துக்குப் பூசை செய்யாமல் எப்பிடி ரோட்டில விடுறது?”

நியாயமான கேள்வி. ஈரோட்டில் சைக்கிள் வாங்கினாலே எலுமிச்சம்பழம் வைப்போம். ஆனால் பிக்கப் அந்த வாரம் முழுவதும் ஒஸ்லோவுக்கு வெளியே வேலையில் இருந்தது. கேரவனைக் கோவில் வாசலுக்குக் கொண்டுபோனால் தெருவே அடைத்துக்கொள்ளும். நான்தான் தீர்வு சொன்னேன். முழு வாகனத்தைக் கொண்டுபோகாவிட்டால் என்ன, இரண்டையும் இணைக்கிற உறுப்பைக் கொண்டுபோகலாமே. எடை குறைந்தது, கழற்றக் கூடியது. இந்த யோசனையில் என்னுடைய தேர்வின் பெருமையும் அடங்கியிருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரும்புக் கொக்கி வாங்கியிருந்தால் யாருக்கும் இந்த எண்ணமே வந்திருக்காது.

என்னிடம் கார் கிடையாது. அரிசி மூட்டைக் கனம் என்றாலும் ரயில் நிலையம் வரை கையில் சுமக்க முடியாது. எங்கள் மகள் நடக்கத் தொடங்கியதால் சும்மா கிடந்த குழந்தை வண்டியில் கொக்கியின் தலையைக் கிடத்தி, குளிர்ச்சியாக இருக்கிறதே என்று ஒரு துவாயால் போர்த்தி (ஏன் போர்த்தினேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது), டி-பானாவில், அதாவது சுரங்க ரயிலில், ஏறினேன். எதிரே உட்கார்ந்திருந்த நோர்வேக்காரப் பெண்மணி ஒருவர் குழந்தையைப் பார்க்கும் புன்னகையோடு குனிந்தார். துவாய் விலகியிருந்த இடத்தில் அலுமினியத் தாடை அவரைப் பார்த்து வாயைப் பிளந்திருந்தது. அவர் புன்னகையை மாற்றாமலேயே நிமிர்ந்து, அடுத்த நிலையம் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒஸ்லோவில் யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். அன்று அது எவ்வளவு பெரிய நாகரிகம் என்று தோன்றியது.

கோவிலில் ஐயர் கொஞ்சமும் திகைக்கவில்லை. பல வருடம் வெளிநாட்டில் பூசை செய்தவர். மடிக்கணினிக்குப் பொட்டு வைத்தவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கொக்கியைத் தட்டத்தில் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சாத்தி, தேங்காய் உடைத்தார். பிறகு காப்பு நூலை எடுத்தார்.

“எவடத்தில கட்டுறது தம்பி? இதுக்குக் கை எது?”

நான் கைப்பிடியைக் காட்டினேன். நூல் சுற்ற வசதியாக இருக்கட்டும் என்று அதை முழுவதும் வெளியே இழுத்து, ஐயர் முடிக்கும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கைப்பிடியையும் பக்கத்திலிருந்த கம்பியையும் சேர்த்து, மஞ்சள் நூலால் சுற்றிச் சுற்றி, மஞ்சள் துண்டு வைத்து முடிச்சுப் போட்டார். தேர் இழுத்த வடத்தில் மிச்சமான நூலோ என்னவோ, அப்படி ஓர் உறுதி.

“பயணம் முடிஞ்சு வந்துதான் இதைக் கழட்ட வேணும். இடையில அறுக்கக் கூடாது, என்ன?”

“சரிங்க சாமி,” என்றேன். கைப்பிடி வெளியே இழுத்த நிலையில் கட்டப்பட்டிருந்தால் தாடை மூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு குளிர்காலம் முழுவதும் அதைத்தான் படித்தேன். ஆனால் தெரிந்ததெல்லாம் தேவைப்படுகிற நேரத்தில் வந்து நிற்பதில்லை. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது விபூதி வாசனையும், மாமி எவ்வளவு சந்தோஷப்படுவார் என்பதும்தான்.

சனிக்கிழமை காலை. ஜூன் மாத வெயில். பார்க்கிங்கில் எங்கள் அடுக்குமாடித் தமிழர்களில் பாதிப் பேர் நின்றார்கள். மீதிப் பேர் பால்கனியில். மாமா மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், முன் சீட்டில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். அந்தச் சட்டையை ராசக்கா எப்போதோ அனுப்பியிருந்தார். இவ்வளவு நாளாக அதைப் பிரிக்கவேயில்லை.

மாமியின் கலண்டரில் சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பது மணிக்கு. அதற்குள் புறப்பட நிறைய நேரமிருந்தது. இங்கேதான் என் படிப்பு மறுபடியும் வேலை செய்தது. ராகுகாலத்தைச் சூரிய உதயத்திலிருந்து கணக்கிட வேண்டும், ஒஸ்லோவில் இப்போது விடிகாலை நாலு மணிக்கே சூரியன் வந்துவிடுகிறது, பகலும் ஏறக்குறைய பத்தொன்பது மணி நேரம் நீள்கிறது, ஆகவே இங்கே ராகுகாலம் அரை மணி நேரம் முன்னதாகவே தொடங்கிவிடும் என்று முதல்நாள் சாப்பிடும்போது கணக்குப் போட்டுக் காட்டியிருந்தேன். மாமி மனதுக்குள் பயந்துபோய் அதையே பிடித்துக்கொண்டார். ஆகவே அன்று காலை எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தோம்.

காப்புக் கட்டிய தலையைப் பிக்கப்பின் முதுகில் பொருத்தியதும் பிரதீபன் வண்டியைப் பின்னால் எடுத்தான். முளை கொக்கிக்குள் போய் ‘டக்’ என்று முட்டியது. வாணி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, இந்தக் கைப்பிடி முந்தி உள்ளுக்குப் போனதெல்லோ? இப்ப வெளியில நிக்குது.”

நான் பார்த்தேன். பூவும் சந்தனமுமாக, மஞ்சள் நூலில் கட்டுண்டு, கைப்பிடி வெளியே நின்றது.

“நூலை அறுத்துவிடுவமே?” என்றாள்.

“விசரே உனக்கு?” என்றார் மாமி. “காப்பை அறுத்துப்போட்டுப் பயணம் போறதோ? ஐயர் என்ன சொன்னவர்?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டின் எஞ்சினியர் நான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நிபுணனின் தீர்ப்புக்காக இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள்.

“ஒண்ணும் இல்லீங்க மாமி, புதுசு இல்லையா, கொஞ்சம் டைட்டா இருக்கு. ஓட ஓட சரியாயிடும்.”

கேரவனின் கழுத்தைத் தாங்கி நிற்கும் முன்கால்களை மேலே தூக்குவதற்கு முன்னால், பிக்கப்பை மெல்ல முன்னே இழுத்துப் பார்த்து, கொக்கி கவ்வியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அமெரிக்கப் பெரியவர்கள் ஒரே ஒரு விஷயத்தில் சண்டை போடாமல் ஒற்றுமையாக இருந்தார்கள் என்றால் அது இதில்தான். பிரதீபன் ஜன்னலால் தலையை நீட்டிக் கேட்டான்: “அத்தான், ஒருக்கா இழுத்துப் பாக்கவோ?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். என் கணக்குப்படி ராகு வாசலுக்கு வந்துவிட்டிருந்தான்.

“வேண்டாம் மச்சான், டைம் ஆச்சு. காலைத் தூக்கிட்டேன், கிளம்பலாம்.”

பிக்கப்புக்கு நாலு, கேரவனுக்கு நாலு என்று சக்கரங்களுக்கு அடியில் மாமி தேசிக்காய் வைத்தார் (எங்கள் ஊரில் எலுமிச்சம்பழம்). ஐந்தாம் சக்கரத்துக்கும் ஒன்று எடுத்து வந்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் என் கையில் தந்தார். நானும் மாமியும் பின் சீட்டில் ஏறினோம். வாணி குழந்தையோடு கீழே நின்றாள். எல்லோரும் கும்பிட்டார்கள். பிரதீபன் வண்டியை நகர்த்தினான்.

முதலில் பிக்கப்பின் தேசிக்காய்கள் நசுங்கின. பிறகு கேரவனின் தேசிக்காய்கள் நசுங்க வேண்டும். அவை நசுங்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். கேரவன் இருந்த இடத்திலேயே இருந்தது. நாங்கள்தான் போய்க்கொண்டிருந்தோம். கேரவனின் கழுத்து பிக்கப்பின் முதுகில் மெல்லப் பின்னால் வழுக்கிப் போவதை எனக்கு ஒரு சாண் தூரத்தில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நிறுத்து என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் முளை கொக்கியை விட்டு வெளியே வந்தது. ஒரு கணம் அந்தப் பெரிய வண்டி அந்தரத்தில் நின்ற மாதிரி இருந்தது. பிறகு அதன் கழுத்து பிக்கப்பின் பின்கதவின் மேல் முழுப் பாரத்தோடு இறங்கி அமர்ந்தது.

தகரம் நெளிகிற சத்தம் ரொம்சோஸ் பாறைகளில் பட்டு எதிரொலித்தது. பின்பக்கம் அழுந்த, பிக்கப்பின் முன்பக்கம் எழும்பியது. முன் சீட்டில் இருந்த மாமாவின் வெள்ளைச் சட்டை மெதுவாக, மிகவும் மரியாதையாக, வானத்தை நோக்கி உயர்ந்தது. கொஞ்ச நேரம் எங்களுக்கு முன்னால் ரோடு இல்லை, மேகம் மட்டும்தான் இருந்தது.

பால்கனியில் கும்பிட்ட கைகள் கும்பிட்டபடியே நின்றன. பிரதீபன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சிலையாக இருந்தான். அது அவனுக்குச் சோறு போடுகிற வண்டி. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. வண்டியைப் பற்றிய கவலையை விட, அந்தச் சட்டைதான் என்னை வதைத்தது. ஒரு மனிதர் ஒரு வருடமாகக் கேட்ட ஒரே விஷயம் இது. அதை நான் மஞ்சள் நூலால் கட்டிப்போட்டுவிட்டேன்.

அப்போது முன் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. குழறிய குரல். ஆனால் அது ஒரு பஸ் டிரைவரின் குரல், பின் வரிசைவரை கேட்கும்படி:

“கடைசித் தரிப்பு. எல்லாரும் இறங்குங்கோ.”

மாமி என் கையைப் பிடித்தார். மாமாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. முதலில் அவருக்கு வலிப்பு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிரதீபன் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா சிரிக்கிறார்,” என்றான். முகத்தின் வலது பாதி மட்டும் சிரித்தது. அதுவே ஒரு முழு முகத்துக்குப் போதுமானதாக இருந்தது. பாரிசவாதம் வந்ததிலிருந்து அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மாமி அழுதார். பிறகு மாமியும் சிரித்தார். பிரதீபன் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். நான் மட்டும் கையில் ஒரு தேசிக்காயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காப்புறுதிக் கம்பெனிக்காரருக்கு நான்தான் போனில் விளக்க வேண்டியிருந்தது. கைப்பிடியில் கட்டியிருந்தது தயாரிப்பாளர் கொடுத்த பாகமா என்று கேட்டார். இல்லை, கோவிலில் கொடுத்தது என்றேன். எதற்காக என்றார். பாதுகாப்புக்காக என்றேன். மறுமுனையில் அவர் அதை அப்படியே தட்டச்சு செய்வது கேட்டது.

பயணம் நின்றது. பிக்கப் பட்டறைக்குப் போனது. கேரவன் கட்டைகளின் மேல் பார்க்கிங்கிலேயே நின்றது. அன்று சாயங்காலம் மாமி டெலிபோனில் ராசக்காவிடம், வாகனத்தில் ஒரு சின்னப் பிழை என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தபோது, மாமா வலது கையை நீட்டினார். டெலிபோனைக் கேட்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. அவர் அக்காவோடு பேசினார். குழறிக் குழறி, நடுவில் மூச்சு வாங்கி, சிரிப்பு வந்து நிறுத்தி, குழந்தை வண்டியில் கொக்கி கோவிலுக்குப் போனதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். மறுமுனையில் ராசக்கா சிரிப்பது அறை முழுவதும் கேட்டது. சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்:

“நீங்கள் கொக்கி கொழுவி முடியிறதுக்குள்ள எனக்குக் கண் போயிடும். நான் வாறன்.”

மாமா மறுப்பார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

“வா அக்கா,” என்றார்.

அடுத்த வாரம் ராசக்கா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார். அவரைக் கேரவனுக்குள்தான் சந்திக்க வேண்டும் என்று மாமா பிடிவாதமாக நின்றார். மாமாவைப் பட்டியில் மாட்டித் தூக்கி, நானும் பிரதீபனும் கேரவனுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தபோதே ராசக்கா வந்துவிட்டார். அவர் பார்க்கக் கூடாது என்று மாமா நினைத்த அதே காட்சியைத்தான் முதலில் பார்த்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். ராசக்கா தடவித் தடவிப் படியேறி உள்ளே வந்து, “சின்னனில நான் தூக்கேக்கையும் இவன் இப்பிடித்தான் கண்ணை மூடுறவன்,” என்றார்.

மாமாவை உட்கார வைத்ததும் ராசக்கா தம்பியின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். நடுப் பார்வை போய்விட்டதால் நேராகப் பார்த்தால் தெரியாது. தலையைச் சாய்த்து, ஓரக் கண்ணால், நெற்றி, கண், கன்னம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “கடைசித் தரிப்பில என்ன சொன்னனீ, சொல்லு,” என்றார். மாமா சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரித்த முகத்தை அவர் மறுபடியும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார். நான் வெளியே வந்துவிட்டேன். அதற்கு மேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

மாமா போய்ச் சில வருடங்களாகிவிட்டன. ராசக்கா இருக்கிறார். கண் முழுதாகப் போய்விட்டது. அந்தக் குடும்பத்தில் எனக்கு இப்போது ‘இந்தியாத் தம்பி’ என்ற பெயர் இல்லை. மருமகன் என்றும் யாரும் கூப்பிடுவதில்லை. கொக்கி என்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கொக்கி மாமா என்கிறார்கள். யாராவது ஒரு வேலையை அளவுக்கு மீறி யோசித்துச் செய்தால், “காப்புக் கட்டியாச்சோ?” என்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் என்னைப் பார்ப்பார்கள். கல்யாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி, நல்லது கெட்டது எதுவாக இருந்தாலும் சாப்பாடு முடிந்ததும் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் பிக்கப் இன்னும் கொஞ்சம் உயரமாக எழும்பும். போன வருடம் அது ஏறக்குறைய நட்டுக்குத்தாக நின்றது.

எல்லோரும் சொல்லிச் சிரித்து ஓய்ந்ததும் ராசக்கா கையை நீட்டி என்னைத் தேடுவார். அன்று மாமாவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தக் குரல் எனக்குத்தான் வரும் என்பது அவர் முடிவு.

“எங்கை கொக்கி? அவன் சொன்ன மாதிரியே சொல்லு.”

நான் வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, நாக்கைத் தடிப்பாக்கி, பின் வரிசைவரை கேட்கும்படி சொல்வேன். பார்வையில்லாத அந்த முகத்தில் உடனே சிரிப்பு வரும். பிறகு, எனக்குப் பயமாக இருக்கிற அளவுக்குக் கனிவாக, “இன்னொருக்காச் சொல்லு தம்பி,” என்பார். அப்போது அவர் தம்பி என்று கூப்பிடுவது என்னை அல்ல. அது தெரிந்தும் நான் இன்னொரு முறை சொல்கிறேன்.